கையெழுத்திட்டவனுக்குத் தாகமில்லை

கோர்,
11 ஜூன் 2019

அன்பிற்குரிய மர்டோ,

இடுப்பெலும்பு புதியதானாலும் அதைச் சுமக்கும் மனிதன் பழையவன். ஆகவே நகரத்து வீட்டின் ஜன்னலோரத்திலிருந்து எழுதுகிறேன். தொலைபேசியில் உனக்குக் காது கேளாது. கேட்டாலும் கேளாதவன் போல் இருப்பாய்.

ஞாயிறன்று ஆலய வாசலில், பாட்டுப் புத்தகத்தின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டாயே, அதற்கு நன்றி. ஆடுகளை விற்றுக் கறவை மாடுகளுக்கு மாறிவரும் என் மகன் பிளேர், உன் வீட்டுக்கு மேலே உள்ள எங்கள் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கப் போகிறான். அனுமதி என் பெயரில்தான். அண்டை நிலத்தாரின் எழுத்து ஒப்புதல் இருந்தால் மண்டல மன்றம் தாமதிக்காது என்கிறார்கள். வெறும் சம்பிரதாயம்.

திருவிருந்துக்கு முன் வழக்கம்போல் என் அழைப்பு அட்டையை நீயே கொண்டுவருவாய் அல்லவா? சபையில் என் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் மூப்பன் நீதானே. சீஸ் ரோல் சுட்டு வைக்கிறேன்.

மாறா நட்புடன்,
யூவன் ஸ்ட்ராங்

*

கிளென்டார்,
14 ஆகஸ்ட் 2019

அன்புள்ள யூவன்,

ஆட்டுக்குட்டிகள் நலமாய்ப் பிறந்து வருகின்றன. நான் அவ்வளவு நலமில்லை.

மண்டல மன்றத்திலிருந்து மெரியானா என்றொரு பெண் வந்திருந்தாள். வாசலிலேயே பூட்சைக் கழற்றிவிட்டு வந்தாள். அந்த ஒரு மரியாதைக்காகத் தேநீர் கொடுத்தேன். உன் மகனின் பம்பு ஓடினால் என் ஊற்று இறங்குமா என்று கேட்டேன். நான் குடிப்பதும், என் ஆடுகள் குடிப்பதும் அந்த ஊற்றொன்றுதான் என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இறங்கலாம் ஐயா. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஒப்புதல் குடுத்தவருக்கு வர்ற பாதிப்ப நாங்க பாக்கவே கூடாது. சட்டம் அது."

"அப்ப நான் எதைக் குடிக்கிறதும்மா?"

அவள் கோப்பையைப் பார்த்தாள். "நினைச்சா கையெழுத்தத் திரும்ப வாங்கிக்கலாம் ஐயா. விசாரணை முடியறதுக்குள்ள."

நீரைக் கண்காணிக்கச் சம்பளம் பெறும் ஒரு மன்றம், நீரைக் காணாதிருக்க ஒரு தாளைக் கண்டுபிடித்திருக்கிறது. குருடருக்குக் கண் கொடுத்தவரை நான் தொழுகிறேன். இவர்களோ கண்ணுள்ளோரைக் குருடாக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். வேதத்தின் பழைய மேய்ப்பர்களும் கிணற்றுக்காகச் சண்டையிட்டார்கள். மண்ணை வாரிப் போட்டுத் தூர்த்தார்கள். ஆயினும், தூர்ப்பதற்கு முன் கிணற்றுக்காரனிடம் போய்க் கையெழுத்துக் கேட்கும் கீழ்மை அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஒன்றுதான் கேட்கிறேன். இதை அறிந்து கேட்டாயா, அறியாமல் கேட்டாயா?

உன்
மர்டோ கின்னெயர்ட்

*

கோர்,
30 ஆகஸ்ட் 2019

மதிப்பிற்குரிய திரு. கின்னெயர்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்களது ஒப்புதல் எவ்வித வற்புறுத்தலுமின்றி அளிக்கப்பட்டதென்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம். கணினி மாதிரியின்படி, ஊற்றின் மீதான தாக்கம் புறக்கணிக்கத்தக்க அளவினதே.

இப்படிக்கு,
யூவன் ஸ்ட்ராங்

பின்குறிப்பு: மாடுகள் வந்து இறங்கிவிட்டன, மர்டோ. பிளேர் சரியாகத் தூங்குவதில்லை. இதைப் பெரிதாக்காதே.

*

கிளென்டார்,
4 செப்டம்பர் 2019

யூவன்,

உன் கடிதத்தில் பின்குறிப்பு ஒன்றுதான் உன்னுடையது. எஞ்சியவற்றை உன் மகன் அமர்த்திய ஆலோசகர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதினாய். அப்போதாவது நல்ல நடையாகத் தேர்ந்தெடுத்தாய்.

நான் கேட்ட கேள்விக்கு விடை அதில் இல்லை. இல்லாததையே விடையாகக் கொள்கிறேன்.

என் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக இன்று மன்றத்துக்கு எழுதிவிட்டேன். இனி எனக்கும் தாகமெடுக்கும் என்பதை அவர்கள் சட்டப்படி ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மர்டோ

*

கிளென்டார்,
11 டிசம்பர் 2019

யூவன்,

விசாரணையில் நீ எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்ததைக் கண்டேன். என் பக்கம் நீ திரும்பவில்லை. உன் பிடரியும் உன்னைப் போலவே மூப்படைந்திருக்கிறது.

ஆணையர் மூவரும் கற்றவர்கள். அவர்களுள் ஒருவர்கூட என் ஊற்றுக்கு வந்து ஒரு கை அள்ளிப் பார்த்ததில்லை. திரையில் நீல நிறத்தில் அது வரையப்பட்டிருந்தது. அதைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அழகான நீலம்தான். என் ஊற்றுக்கு அந்த நிறம் ஒருநாளும் இருந்ததில்லை.

தேநீர் இடைவேளையில் உன் மகன் வந்தான். "ஒரு குட்டைத் தண்ணிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம், மர்டோ மாமா? வேணும்னா பெருசா ஒரு தொட்டி வாங்கித் தர்றேன்."

"அத எதால நிரப்புவே? பாலாலயா?" என்றேன். அவன் தன் மஃபினை முடிக்காமலே போய்விட்டான்.

தீர்ப்பு நேற்று வந்தது. உங்களுக்கு அனுமதி உண்டு. என் ஊற்றின் பாறையில் பித்தளைக் குறியொன்று பதிப்பார்கள். நீர் அதற்குக் கீழே இறங்கினால், மீண்டும் ஏறும்வரை பம்பை நிறுத்திவிட வேண்டும். திங்கட்கிழமைதோறும் குறியைப் பார்த்து அறிக்கை தர வேண்டியவர் யார் என்றால், அனுமதி பெற்றவர்; அதாவது நீ. தாகமுள்ளவனையே தண்ணீர்ப் பந்தலுக்குக் காவலனாக்கிய இவர்களுடைய ஞானத்தை என்னென்று புகழ்வேன்! கடிவாளத்தைக் குதிரையின் வாயிலிருந்து எடுத்து அதன் காலிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் உன்னை அறியார்கள். நான் அறிந்திருந்தேன், இப்போது எனக்கும் தெரியாது.

திங்கட்கிழமைகளில் வாயில் பூட்டப்பட்டிராது, அது சட்டம். தேநீர்க் கெட்டில் அடுப்பில் இராது. அது என் விருப்பம்.

திருவிருந்து அட்டை இத்துடன் உள்ளது. மூப்பனாயிருந்த காலமெல்லாம் ஒருவருடைய அட்டையையும் நான் அஞ்சலில் சேர்த்ததில்லை.

மர்டோ கின்னெயர்ட்
மூப்பன்

*

கோர்,
10 பிப்ரவரி 2020

மர்டோ,

இதை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இன்று வந்திருந்தேன். நீர் குறிக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஒரு விரல்தான், பொய் சொல்ல மிக வசதியான அளவு. ஊன்றுகோலைச் சேற்றில் நட்டு நெடுநேரம் நின்றேன். உன் சமையலறைத் திரைச்சீலை அசைந்தது. நீ நின்றிருந்தாய், நான் கையசைக்கவில்லை, நீயும் வெளியே வரவில்லை.

அங்கிருந்து நேரே பம்பு அறைக்குப் போனேன். பிளேர் பின்னாலேயே வந்தான்.

"ஒரு விரல்தானப்பா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேன்டா."

விசையை அணைத்தேன். இவ்வளவு இரைச்சலோடு அது ஓடிக்கொண்டிருந்தது என்பது நின்ற பிறகே தெரிந்தது. இந்தக் கோடையில் மேட்டில் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. மாடுகள் வேலியோரம் நின்று கத்துகின்றன. நான் காரில் ஏறுகையில் பிளேர் கைகொடுக்கவில்லை.

ஆகஸ்டில் நீ கேட்டதற்கு விடை: அறிந்துதான் கேட்டேன்.

அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். டிசம்பரில் அதை வைத்துக்கொண்டு திருவிருந்து மேசைக்கு வர எனக்குக் கால் எழவில்லை. தருவதானால் கையில் தா. தராவிட்டாலும் அடுத்த திங்கட்கிழமை வருவேன், தண்ணீரைப் பார்க்க.

யூவன்