நான் போடாத கையெழுத்து

காவேரிப்பாக்கம்
3.2.2025

ஆல்வின் அவர்களுக்கு,

உங்கள் போனை எடுக்க மனசு வரவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இங்கே ரேஷன் கடையில் விரல் வைத்தேன். நம் கார்டில் என் பேரே இல்லை என்றார்கள். எதிர்வீட்டு ஹலீமா பீ அக்கா இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "நீங்களே பேரை எடுக்கச் சொல்லியிருக்கீங்கக்கா. ஜனவரி இருபது. மின் கையெழுத்து இருக்குது பாருங்க." என் பேர், தேதி, மணி, பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

அன்றைக்கு நான் வீட்டை விட்டே வெளியே போகவில்லை. பிறகு என் கை எப்படிப் போட்டது?

நாலு மாசம் அம்மா வீட்டில் இருந்தால் கார்டிலிருந்தே எடுத்துவிடுவீர்களா? நேரில் சொல்லியிருக்கலாம்.

ஷர்மிளா


ஆம்பூர்
8.2.2025

அன்புள்ள ஷர்மிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் சுகமில்லை.

நான் உன்னை எடுக்கவில்லை. என் அக்காவோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்றுதானே போனாய். தனி வீடு பிடித்துவிட்டேன். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

கார்டில் விலாசம் மாற்றத்தான் இ-சேவைக்குப் போனேன். தோல் கம்பெனி சுண்ணாம்புத் தொட்டியில் என் ரேகை தேய்ந்துபோனது உனக்குத் தெரியும். மிஷின் பிடிக்கவில்லை. "வீட்டம்மா எங்க?" என்று அங்கே இருந்த பெண் கேட்டாள். பின்னால் வரிசையில் கம்பெனி ஆட்கள். சண்டை என்று சொல்ல வெட்கம். "அவங்க காவேரிப்பாக்கம் போய்ட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். நீ அங்கேயே குடிபோய்விட்டதாக எடுத்துக்கொண்டாள் போல. உடனே என் போனில் ஓடிபி வந்தது. கேட்டாள், படித்தேன். உன் ஆதாருக்கும் என் நம்பரைத்தானே கொடுத்திருந்தோம். அந்த ஆறு எண்தான் உன் கையெழுத்து என்று எனக்கு எப்படித் தெரியும்?

தாலுகா ஆபீசில் சொன்னேன். "அவங்களே கையெழுத்துப் போட்ருக்காங்க, நீங்க இன்னாத்துக்கு பேஜார் பண்றீங்க?" என்றார்கள். நான்தான் போட்டேன் என்றால் போலீஸ் கேஸாம். இல்லை என்றால் நீயே என்னை விட்டுப் போனதாக ஆகிறது. எதைச் சொல்வது என்று புரியவில்லை.

உன் ஆல்வின்


காவேரிப்பாக்கம்
14.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களை நம்புவதா, கம்ப்யூட்டரை நம்புவதா என்று ரொம்பக் குழம்பினேன். அதில் நேரம் நொடி வரைக்கும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் தேதியே அடித்துத் திருத்தியிருக்கிறது. ஆனால் வரிசையில் நின்று வெட்கப்பட்ட ஆளை எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தால்தான் உங்கள் அக்காவிடமும் எனக்காக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தீர்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆதாரில் உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டுக்கொண்டேன். என் விரலை மிஷின் உடனே பிடித்தது. இனி என் கையெழுத்தை நான்தான் போடுவேன்.

பேரைத் திரும்பச் சேர்க்க விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். விலாசம் கேட்ட இடத்தில் நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் வரைக்கும் எழுதினீர்கள், கதவு எண்ணை எழுதவில்லை. இதைக்கூட கம்பெனி விலாசத்துக்குத்தான் போடுகிறேன்.

கதவு எண், தெரு இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் ஷர்மி