சட்டைத் தையலில் தெரிந்த சிப்பாய்

மாமா,

இன்று காலை காராமணி ஊறவைக்க டப்பாவைக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து உங்கள் ஓவர்கோட்டின் மூன்று கறுப்புப் பொத்தான்களும் விழுந்தன. ஆடுபுலி ஆட்டத்தில் காராமணி உங்களுக்கு ஆடு, பொத்தான் புலி. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகியும் உங்கள் புலிகள் என் சமையலறையை விட்டுப் போகவில்லை.

நீங்கள் கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு, வந்த முதல் குளிர்காலம். ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்ப்பீர்கள். "எனக்கு டிக்கெட் போடச் சொல்லும்மா. இங்க நான் யாருக்கு என்ன?" என்றீர்கள். உங்கள் பிள்ளை சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. உப்புக்கும் புளிக்கும் தினம் சண்டை போட எனக்கு ஆள் வேண்டாமா?

அதனால்தான் நம் அடுக்ககத்தின் கீழ்த்தளப் பொதுக்கூடத்துக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நாலாம் மாடிக் கிழவர், முதல் உலகப் போரில் பிரான்சில் பதுங்குகுழியில் கிடந்து போரிட்டவர், தனியாக உட்கார்ந்திருந்தார். என் மாமனாரும் அதே போரில் மெசொப்பொத்தேமியாவில், இன்றைய இராக்கில், சிப்பாய் என்றேன். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "சமையலுக்குப் போயிருப்பாரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதை விழுங்கிவிட்டு, "வணக்கம் சொல்றார் மாமா" என்றேன்.

"அந்த மூஞ்சி வணக்கம் சொல்லல. என்ன கேட்டார்னு அப்படியே சொல்லு."

கூனிக் குறுகிச் சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. சாக்பீஸ் கேட்டு வாங்கி மேசையில் கட்டம் கிழித்தீர்கள். "துப்பாக்கி பிடிச்சது கொஞ்ச நாள். மிச்சமெல்லாம் குழிக்குள்ள காத்துக் கிடந்ததுதான். தலையைத் தூக்கினா குண்டு. அப்போ தோட்டா புலி, கடலை ஆடு. இதைத்தான் ஆடினோம்னு சொல்லு."

என்னை விட்டு விதிகளைச் சொல்லவைத்து, புலிகளை அவருக்குக் கொடுத்தீர்கள். மடமடவென்று நாலு ஆட்டை வெட்டிவிட்டார். நீங்கள் யோசித்தபடி சட்டை விளிம்பைத் திருப்பித் தையலோரம் கட்டைவிரல் நகத்தை ஓட்டினீர்கள். சட்டை நைந்து போகிறதென்று நான் திட்டுகிற அதே பழக்கம். கிழவரின் கை நின்றுவிட்டது. தன் காலரைத் திருப்பி, அதே மாதிரி நகத்தை ஓட்டி, இரண்டு கட்டைவிரல் நகங்களையும் சேர்த்து நசுக்கிக் காட்டினார்.

சீலைப்பேன். குழிக்குள் அதைப் பொறுக்குவதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு என்றார். தட்டில் விட்டுப் பந்தயமும் ஓட்டுவார்களாம், ஜெயித்தவனுக்கு சிகரெட்டாம். நான் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நாங்க ஓட விடல. யார் அதிகம் நசுக்கறான்னுதான் போட்டி. ஒரே உட்காரல்ல நாற்பது!"

அதற்காக அவரை விட்டீர்களா? மூன்று புலிகளையும் நகரவிடாமல் கட்டிப் போட்டீர்கள். அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். நீங்களும் விறைத்து நின்று திருப்பி அடித்தீர்கள். மின்தூக்கியில், "டிக்கெட் வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடு. நாளைக்கு ஆட்டம் இருக்கு" என்றீர்கள். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த நவம்பரில் போர் நினைவு நாளுக்கு அவரே உங்களை அழைத்துப் போய்ப் பழைய சிப்பாய்கள் வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தினார். கூட்டத்தில் என் அருகே நின்ற பெண், "அந்தப் பெரியவர் தெரியாமல் வரிசைக்குள் போய்விட்டாரோ?" என்றாள். பழைய நானாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன்.

"அவர் என் மாமனார். அந்தப் போரில் நின்ற சிப்பாய். சரியான இடத்தில்தான் நிற்கிறார்" என்றேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று ஏறிய குரல் இன்னும் இறங்கவில்லை, மாமா.