ஆள் இல்லாத வீடு என்று திரும்பிப் போன ஜப்பான் பார்சல்

அனுப்புநர்
மருத்துவக் குறிப்புத் தட்டச்சர்,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
தலைமை அஞ்சலகம்.

பொருள்: ஜப்பானிலிருந்து எனக்கு வந்த பார்சல் ‘இம்முகவரியில் எவரும் குடியில்லை’ எனத் திருப்பப்பட்டது – குறிப்பைத் திருத்தி, மறுமுறை வரும்போது பட்டுவாடா செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் ஆறு ஆண்டுகளாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில்.

2. பழைய வீடியோ கேம்கள் வாங்குவது என் ஒரே பொழுதுபோக்கு. ஜப்பானிய ஏலத் தளங்களில் விற்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. எனவே நம் சார்பில் ஏலம் கேட்டு, பொருளைத் தம் கிடங்கில் வாங்கிவைத்து, பிறகு நமக்கு அனுப்பிவைக்கும் இடைத்தரகு நிறுவனம் ஒன்றின் வழியாக வாங்குகிறேன். பலமுறை கடைசி நிமிடத்தில் கைநழுவிப் போன கேம் ஒன்று இம்முறை எனக்கு விழுந்தது. மலையேறும் ஆட்டம். விற்றவரின் குறிப்பைக் கணினி ‘பெட்டிக்குக் காயம், உள்ளே நலம்’ என்று மொழிபெயர்த்துக் காட்டியது.

3. ‘பட்டுவாடாவுக்குப் புறப்பட்டது’ எனத் தகவல் வந்த அன்று, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு வேலை செய்தேன். மணி அடிக்கவில்லை. படியேறும் ஓசையும் கேட்கவில்லை. மாலையில் இணையத்தில் பார்த்தபோது, இவ்வீட்டில் எவரும் குடியில்லை என்று பதிவாகியிருந்தது. அதை நான் இவ்வீட்டில் உட்கார்ந்துதான் படித்தேன்.

4. மறுநாள் தெருவில் தபால்காரரைச் சந்தித்தேன். இந்தப் பகுதிக்குப் புதியவர். “கீழ் வீட்டுல கேட்டேன் சார். மேல காலியாத்தான் கிடக்குன்னாங்க. அப்புறம் எதுக்கு ஏறணும்?” என்றார். அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாமென இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். சொன்னதை நம்பினார், அவ்வளவே.

5. கீழ் வீட்டாரும் பொய் சொல்லவில்லை. முன்பு அங்கே குடியிருந்தவர்களுக்குக் கைக்குழந்தை இருந்தது. நான் நாற்காலியை நகர்த்தினால் அது விழித்துக்கொள்ளும். அந்தத் தாய் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றே நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினேன். வீட்டுக்குள் காலுறையோடு நடந்து பழகினேன். அவர்கள் வீடு மாறிப் போனார்கள். வேறு குடும்பம் வந்தது. என் நடை மட்டும் மாறவில்லை.

6. தங்கள் அலுவலகக் கவுண்ட்டரில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “பக்கத்துல யாராவது, ஆமா இவர் இங்கதான் இருக்கார்னு எழுதிக் கொடுத்தா நல்லது சார்” என்றார். எனது அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கிறது. மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. ஆகவே சான்றை நானே எழுதி எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த அம்மாள், “யாரைப் பாக்கணும்?” என்றார். மாடியில் இருப்பதாகச் சொன்னேன். “அப்படியா! எப்ப குடி வந்தீங்க?” என்று கேட்டார். ஆறு வருடம் என்று சொல்ல நா எழவில்லை. “கொஞ்ச நாளாச்சுங்க” என்றேன்.

7. கையெழுத்துக் கேட்டதும் யோசித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை நான் பார்த்ததே இல்லையே, எப்படிப் போடறது?” என்றார். நியாயமான கேள்வி. பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: “நீங்க மேல போய் நடங்க, நான் இங்க நின்னு கேக்கறேன்.” போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு முறை நடந்தேன். மூன்றாம் முறை, காரணம் தெரியவில்லை, ஓங்கி மிதித்தேன். கீழிருந்து, “கேக்குது, கேக்குது, போதும்!” என்று சத்தம் வந்தது. நான் இறங்கி வருவதற்குள் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அச்சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

8. இடைத்தரகு நிறுவனம் எழுதியிருக்கும் கடிதத்தில், பார்சலை மறுபடி அனுப்புவதாகவும், அதுவும் திரும்பினால் இம்முகவரிக்கு இனி எதுவும் அனுப்புவதற்கில்லை என்றும் கூறி, வேறு முகவரி இருந்தால் தெரிவிக்கும்படி கேட்டுள்ளனர். எனக்கு வேறு முகவரி இல்லை.

9. மனுவுக்குத் தேவையில்லாததாயினும் ஒன்று கூற அனுமதி வேண்டுகிறேன். நான் தட்டச்சு செய்வதைச் சரிபார்ப்பவர் இதே ஊரில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாக எழுத்தில் மட்டுமே பழக்கம். சிறுவயதில் மாமா வீட்டில் இதே ஆட்டத்தை ஆடியிருக்கிறாராம். “வந்ததும் சொல்லுங்க, ஒருநாள் வந்து ஆடிட்டுப் போறேன்” என்று எழுதியிருந்தார். அது இருவர் ஆடும் ஆட்டம், ஐயா. ஒருவர் கயிற்றைப் பிடித்தால்தான் மற்றவர் ஏற முடியும். தனியாளால் முதல் பாறையைக்கூடத் தாண்ட இயலாது. பார்சல் திரும்பிப் போனதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

எனவே, ‘எவரும் குடியில்லை’ என்ற குறிப்பை நீக்கி, நான் இங்கு வசிப்பதைப் பதிவு செய்யுமாறும், பார்சல் மீண்டும் வரும்போது மாடிவரை ஏறிவரத் தபால்காரருக்கு அறிவுறுத்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மணி அடித்து நான் வரத் தாமதித்தால், தயவுசெய்து திரும்பிவிடாமல் கதவைப் பலமாகத் தட்டச் சொல்லுங்கள். உள்ளே ஆள் உண்டு.

நாள்: இம்மாதம் பதினான்கு, வெள்ளி
இடம்: மாடி வீடு

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மாடி வீட்டில் குடியிருப்பவர்

இணைப்பு: கீழ் வீட்டு அம்மாளின் சான்று