மகிழ்ச்சி என்று எழுதி முடிக்கும் வரை

புதன், 5

காலையிலிருந்து மழை. என் எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகிறது. படிக்க யாரும் இல்லை. இருந்தாலும் மன்னிப்புக் கேட்டு வைக்கிறேன். லாரி ஸ்டியரிங் பிடித்த கை, வயது அறுபத்தெட்டு. கடைசித் தடவை ஜெயில் உள்ளே இருந்தபோதுதான் அ, ஆ படித்தேன்.

உள்ளே போனது ஐஸ் என்கிற போதைப்பொருளால். ஜூரோங் தொழிற்பேட்டையில் ராத்திரி லாரி ஓட்டத்துக்குத் தூக்கம் வராமல் இருக்கப் பிடித்த பழக்கம். இப்போது பதினொரு மாதம் தொடவில்லை.

ஆலோசகர் ரேவதி மேடம் சொன்னது: "அங்கிள், எதுக்கும் ஓகே சொல்றதுக்கு முன்னாடி, மனசு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு முடிவு எடுங்க."

"தப்பா எழுதிட்டா?"

"திருத்தி எழுதுங்க லா."

சொற்கள் எழுதிய அட்டை ஒன்றும் தந்தார்.

வெள்ளி, 7

வெயில். முழங்கால் வலி. முட்டை வாங்க வேண்டும்.

மேடம் கேட்ட பட்டியல், நான் மறுபடி ஐஸில் விழுந்த நாட்கள்:
புது லாரிச் சாவி கையில் வந்த நாள்.
மகள் செல்வி பாஸான நாள்.
உள்ளேயிருந்து வெளியே வந்த நாள். இரண்டு தடவை.

மேடம் இரண்டு முறை பார்த்தார். "அங்கிள், சோகமான நாள் ஒண்ணுகூட இல்லையே?"

இல்லை. சோகம் வந்தால் படுத்துத் தூங்குவேன். சந்தோஷம் வந்தால் யார் எங்கே கூப்பிட்டாலும் சரி என்பேன். இது எனக்கே இன்றுதான் தெரியும்.

செவ்வாய் யூரின் டெஸ்ட். இந்தத் தடவை மாட்டினால் திரும்ப உள்ளே. அப்புறம் வெளியே வந்தாலும் செல்வி கதவு திறக்க மாட்டாள். சொல்லிவிட்டாள், கோபமில்லாமல்.

சனி, 8

தேக்கா சந்தை. மீன், கறிவேப்பிலை. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைப் பலகையை முழுக்கப் படித்தேன். நிற்காமல், விரல் வைக்காமல். சத்தமாகவே படித்துவிட்டேன். ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மணி. பழைய லாரிக் கூட்டாளி, ஐஸிலும் கூட்டாளி. கோப்பி வாங்கித் தந்தான். "அண்ணே, நாளைக்கு நம்ம வீட்ல சாப்பாடு. பழைய ஆளுங்க எல்லாரும். வாங்க லா."

சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. நோட்டை எடுத்தேன்.

மகில்ச்சி. அட்டையோடு ஒத்துப் பார்த்தேன். தப்பு.
மகிள்ச்சி. தப்பு.

"என்னண்ணே, சாப்பிட வர்றதுக்குப் பரீட்சையா எழுதுறீங்க?"

மகிழ்ச்சி. ழ கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் ழதான். கோப்பி ஆறிப்போயிருந்தது. பலகை படித்த சந்தோஷமும் பாதி இறங்கியிருந்தது. மணி முகத்தைப் பார்த்தேன். பல் இரண்டு குறைந்திருக்கிறது. முதலில் அதைக் கவனிக்கவே இல்லை.

"வரலடா."

வீட்டுக்கு வந்து செல்வியிடம் பரீட்சைக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். மீன் நல்ல மீன்.

ஞாயிறு, 9

மப்பு வானம். எங்கள் புக்கிட் பாஞ்சாங் பேட்டை முழுக்கச் சாம்பல் நிறம். செல்வி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மணி போன். "எல்லாரும் வந்துட்டாங்கண்ணே. உங்க பேச்சுதான் ஓடுது."

பின்னால் சிரிப்புச் சத்தம். யார் யாருடைய சிரிப்பு என்றுகூடத் தெரிந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

ஆசை.

இரண்டே எழுத்து. தப்பே வரவில்லை. எழுதி முடிந்துவிட்டது, ஆசை இறங்கவில்லை. மணி இன்னும் "அண்ணே, அண்ணே" என்கிறான்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நோட்டைச் செல்வி பக்கம் தள்ளினேன். படித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போனை எடுத்தாள்.

"மணி மாமா, அப்பா பரீட்சை எழுதுறாரு. முடிய ரொம்ப நேரமாகும்."

வைத்துவிட்டாள். மீதித் துணியைத் தேய்த்தாள். நான் மடித்தேன்.

செவ்வாய் டெஸ்ட் முடிந்ததும் மேடத்திடம் கேட்க வேண்டும், ஆசைக்கு இதைவிட நீளமான சொல் உண்டா என்று. ழ இருந்தால் நல்லது. அடுத்த வாரம் அதைத்தான் எழுதப்போகிறேன்.