சாரத்தில் எடுத்த படம்

தானா ராத்தா

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் கட்டிவந்த விடுதியில் போன செவ்வாய்க்கிழமை சாரம் சரிந்துவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. போன் உடைந்ததுதான் கஷ்டம். உன் நம்பர் அதோடு போய்விட்டது. நான் அதை மனப்பாடம் செய்ததே இல்லை.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாள் கொண்டுவந்தார். தங்கியிருக்கும் இடத்தில் குளிக்கும்போது வழுக்கி விழுந்ததாக அதில் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பெண் கத்தரீன் அதைப் படித்துப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்றாதீங்கண்ணே. வேலை இடத்துல அடிபட்டாத்தான்லா தொழிலாளிங்களுக்கான சொக்சோ காப்புறுதிப் பணம் கிடைக்கும். சாட்சி ஏதும் இருக்கா?"

அன்று காலை சாரத்தில் நின்று உனக்கு ஒரு படம் அனுப்பினேனே, அதை அழித்துவிடாதே. பின்பக்கம் கத்தரீன் நம்பர் இருக்கிறது, அதற்கு அனுப்பு. கூடவே இரண்டு வார்த்தை பேசி அனுப்பு, கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரும் ஆள் கிளம்புகிறார், முடிக்கிறேன். படத்தில் எனக்குப் பின்னால் பனியில் பாதி மறைந்து சிரிப்பவன் குழந்தைசாமி. நான் அவன் மேல் விழுந்ததால்தான் பிழைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. அன்று அவன் வேலைக்கே வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அவன் மனைவிக்கும் அந்தப் படம் வேண்டும். சின்னவளுக்குக் காட்டாதே.

கண்ணை மூடினால் அவன் மூச்சு இன்னும் என் முதுகில் படுகிறது.

உன்
வீரபாண்டி