பொட்டு வைத்த பிளாப்பி

அக்கா,

இன்று காலை அரியலூர் ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதையே சொன்னது: அட்டவணை இல்லை. பச்சை எழுத்தில் அந்த ஒரு வரி. இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய பிளாப்பி உறையை எடுத்தேன். நீங்கள் வைத்த குங்குமம் இன்னும் இருக்கிறது. சந்தனம்தான் உதிர்ந்துவிட்டது.

நாம் இருந்த பெரம்பலூர் ஆபீசில் அன்று ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள். மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. பருத்தி விதைக்குப் பதிந்த குன்னத்துக்காரர்கள் வாசலில் நின்றார்கள். பெயர்ப் பட்டியல் அச்சாகி வந்தால்தான் விதை. அந்தப் பெயர்கள் இருந்த அட்டவணையைத்தான் மெஷின் இல்லை என்றது.

"ஈரம் காஞ்சப்பறம் வெதைய வச்சு என்னம்மா பண்றது?" என்று ஜன்னல் வழியே ஒருவர் கேட்டார்.

அட்டவணையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டேன். புரோகிராமை வரிவரியாகப் படித்தேன். தற்காலிக வேலை, எங்கள் வீட்டின் முதல் பட்டம். நானே எதையோ அழித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் பிளாப்பியை வெளியே இழுத்தால், அது நான் தயார் செய்து வைத்திருந்த காலிப் பிளாப்பி.

கூட்டிக்கொண்டிருந்த நீங்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். "அய்யய்யோ, அது சாமிகிட்டல்ல இருக்கு! எல்லாரும் நோட்டு, பேனா வச்சாங்க, நீ ஒண்ணுமே வைக்கலியேன்னு நாந்தான் எடுத்து வச்சேன். பொட்டி வாய் சும்மா கெடக்கக் கூடாதுன்னு வேற ஒண்ணச் சொருவிட்டேன்."

சரஸ்வதி படத்தடியில், நோட்டுகளுக்கு நடுவே, உறையில் பொட்டோடு இருந்தது.

"யாரு எடுத்தது?" என்று ஆபீசர் கத்தினார்.

"நாந்தான் சார்."

வாசலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் உங்களைத் திட்டினார். பிளாப்பிக்கு ஒரு காப்பி எடுத்து வைப்பது என் வேலை. நான் எடுக்கவில்லை. இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பட்டியல் வந்திருக்கும். அதைச் சொல்லாமல் நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீ கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டீர்கள்: "ஏம் பட்டதாரி, இன்னொண்ணு எடுத்து வச்சிருந்தா இந்தத் திட்டு மிச்சம்ல?" எல்லாம் தெரிந்திருந்தது உங்களுக்கு. நான் சிரித்து மழுப்பினேன். ஆபீசரிடம் நாளைக்குச் சொல்லலாம், சம்பளத்தன்று சொல்லலாம் என்று தள்ளினேன். கார்த்திகையில் காய்ச்சலோடு திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். "போயிட்டு வரேன்" என்றவர் வரவில்லை.

இன்றைய தப்பு முழுக்க என்னுடையது. அட்டவணை இல்லாத வேறு பிளாப்பியைப் போட்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இங்கேயும் ஆபீசர் கேட்டார், யார் போட்டது என்று.

"நாந்தான் சார்."

"சரி, மாத்திப் போடும்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் இரண்டு காப்பி எடுக்கிறேன் அக்கா. ஆனாலும் உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடித்த இதைச் சொல்லாமலா அன்று திட்டை உங்கள் தலையில் விட்டுவிட்டு நின்றேன்?