குழாய்க்குள் விட்ட லுங்கித் துணி

என் உசுருக்கு உசுரான மாப்ள காசிக்கு,

நீ போய்ப் பதினெட்டு நாளாச்சு. எனக்கு எழுத்து தெரியாது, அது உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமக எழுதுறா. ஏழு வருசத்துக்கு முன்னாடி நீ ஓட்டுன லாரிக்கு டர்போ மாட்டுன கதையைத்தான் சொல்லப்போறேன்.

கல்குவாரியில உடைச்சுப்போட்ட வெளிநாட்டு மெஷின்ல இருந்து உன் லாரி முதலாளி அதை வாங்கிட்டு வந்தார். இஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சாமான். நம்ம பட்டறைக்கு அதுதான் முதல் தடவை. மூணு நாளா குழாயை வளைச்சு, வெல்டு வச்சு, ஓஸ் மாட்டி, கிளிப்பை இறுக்கினேன். நீ ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா மிச்சக் காத்து வெளியேற ஒரு வால்வு. அது ‘புஸ்ஸ்’னு விட்டதும் நீ கேட்ட: “என்ன மாப்ள, வீட்டுக்குள்ள வந்ததும் உன் மாமியா விடுற மாதிரியே பெருமூச்சு விடுது?” அன்னைக்குப் பட்டறையே சிரிச்சுச்சு.

ஒரு இடத்துல வெல்டு கசிஞ்சதால குழாயைத் திரும்பக் கழட்டினேன். தூசி போகாம குழாய் வாயில துணி அடைக்கிறது வழக்கம். அன்னைக்குத் துணி இல்லை. உன் பச்சைக்கட்ட லுங்கியைக் கிழிச்சு நீதான் குடுத்த. திரும்பப் பூட்டும்போது அதை எடுக்க மறந்தவன் நான்.

வாடிப்பட்டி தாண்டி மாட்டுவண்டி குறுக்க வந்துச்சு, நீ காலை எடுத்த. துணி நகர்ந்து வால்வு வாயை அடைச்சிருச்சு. போக வழியில்லாத காத்து திரும்பி டர்போவையே உடைச்சிருச்சு.

வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நான்தான் கழட்டினேன். பச்சைக்கட்டம் தெரிஞ்சதும் சுருட்டிச் சட்டைப்பைக்குள்ள வச்சுக்கிட்டேன். “முரட்டு மிதி மிதிச்சு ஒடச்சுட்டானாப்பா?”ன்னு முதலாளி கேட்டார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அம்புட்டுத்தான் மாப்ள. அந்தக் குனிஞ்ச தலைதான் உன் வேலையைத் தின்னுச்சு. அப்புறம் லாரி ஸ்டாண்டுல ஒருத்தனும் உன்னை நம்பி வண்டி குடுக்கல. திருவாதவூர்ல செங்கல் காளவாசல் டிராக்டர்ல போய் உக்காந்த.

அப்பவும் மாசம் ஒருக்கா டீ குடிக்க வருவ. கிளம்பும்போது கேட்ப: “வேற ஏதாச்சும் இருக்கா மாப்ள?” நான் சொல்லுவேன்: “ஒண்ணுமில்ல, பாத்துப் போ.”

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, உன் பொண்டாட்டி பாக்கியத்துக்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சுட்டு, “தெரியும்ணே. வாடிப்பட்டி ரோட்டுலயே குழாயைக் கழட்டிப் பாத்துட்டாராம். தன் லுங்கின்னு தெரிஞ்சதும் திரும்ப உள்ளயே வச்சுப் பூட்டிட்டாராம். ‘மாப்ளதான் கழட்டுவான், அவனே சொல்லட்டும்’னாரு”ன்னா.

ஏழு வருசம் காத்திருந்தியா மாப்ள? அந்த டீக்குத்தான் அம்புட்டுத் தூரம் வந்தியா? ஒரு வார்த்தை வைஞ்சிருக்கக் கூடாதா?

துணி இன்னும் என் டூல்ஸ் பெட்டிக்குள்ளதான் இருக்கு. நாளைக் காலையில ஸ்டாண்டுல எல்லா டிரைவரும் கூடியிருக்கும்போது, அதை முதலாளி கையில குடுத்து, தலையைக் குனியாம சொல்லப்போறேன்: “காசி ஒடைக்கல. நான்தான்.”

வேற ஒண்ணும் இல்ல மாப்ள. இந்தத் தடவை நிசமாவே ஒண்ணும் இல்ல.

நீ காத்துக்கிடந்த மாப்ள,
பட்டறை முத்து